பழைய குடும்பப் படத்தில் இருக்கும் லண்டன் கவுன்சில் பிளாட் எது? படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முறை

பெரியப்பா போன பிறகு ஒரு பிஸ்கட் டின் என் கைக்கு வந்தது. உள்ளே நூற்றுச் சொச்சம் படங்கள், எல்லாம் 80களின் லண்டன். பல்கனியில் காயும் சேலை, கோட் போட்டுக்கொண்டு விறைப்பாக நிற்கும் பெரியப்பா, யாரோ ஒரு குழந்தையின் முதலாம் பிறந்தநாள், பின்னால் சாம்பல் நிறத் தொடர்மாடி. எந்த இடம் என்று ஒரு சொல் எழுதியிருக்கவில்லை. அந்த டின்னில் தொடங்கி, இப்போது சொந்தக்காரர் சிலருடைய படங்களையும் இப்படிப் பார்த்துக் கொடுத்துவிட்டேன், புதிதாகத் தொடங்குபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. படத்தைப் பார்த்த கையோடு கட்டடத்தைத் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கேதான் பிழை.

கவுன்சில் (உள்ளாட்சிச் சபை) வாடகைக்கு விடக் கட்டிய கட்டடங்கள் ஒரே அச்சில் வார்த்தவை. 1960களில் கொங்கிரீட் பலகைகளைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து அடுக்கினார்கள், ஆகவே ஒரே முகம் உள்ள கோபுரம் நகரத்தின் நாலு மூலையிலும் நிற்கும். கட்டடத்தைக் கடைசிக்கு வையுங்கள். கடதாசி, காலம், பரோ, எஸ்டேட், பிளாக், மாடி என்ற வரிசையில் போனால் ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கான தேடலைச் சுருக்கிக் கொடுக்கும். (எஸ்டேட் என்றதும் தேயிலைத் தோட்டம் ஞாபகம் வருபவர்களுக்கு: இங்கே அது கவுன்சில் கட்டிய வீட்டுத் தொகுதி. பிளாக் அதில் உள்ள ஒரு கட்டடம். பரோ என்பது லண்டனின் உள்ளாட்சிப் பிரிவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுன்சில்.)

1. தொடங்கும் முன் வேண்டியவை

ஸ்கேனர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நல்ல கமரா உள்ள ஃபோன் போதும். ஒரு பூதக்கண்ணாடி, மென்மையான 2பி பென்சில், ஒரு கொப்பி. படங்களை வைக்க அமிலமில்லாத காகித உறைகள். வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருப்பதால் கணினித் திரை தேவை, ஃபோனில் செய்தால் கண்தான் போகும்.

இன்னொன்று, குடும்பத்தில் யார் எந்த ஆண்டு வந்தார், எப்போது கல்யாணம், எந்தப் பிள்ளை எப்போது பிறந்தது என்று ஒரு பக்கக் காலவரிசை. இதை முதலில் எழுதாமல் தொடங்கியவர்கள் எல்லாரும் நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து எழுதினார்கள்.

2. அல்பத்தைக் கலைக்காமல் படியெடுங்கள்

படங்களை உருவி எடுத்து "ஒழுங்காக" அடுக்குவதுதான் முதல் ஆசையாக இருக்கும். செய்யாதீர்கள். அல்பத்தில் எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் இருக்கிறது என்பதே ஒரு சாட்சி. முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் முழுசாகப் படமெடுங்கள், அப்புறம்தான் தனிப் படங்கள்.

ஒட்டும் பக்கங்களும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள பழைய அல்பம் என்றால் படம் பசையோடு இறுகியிருக்கும். நகத்தால் நெம்பினால் மூலை கிழியும். பல் இடுக்கில் விடும் நூலை படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே மெதுவாக அறுப்பதுபோல் ஓட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் விட்டுவிடுங்கள், அப்படியே படியெடுக்கலாம்.

600 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். காரணம், நமக்கு வேண்டியது பெரியப்பாவின் முகம் இல்லை, அவர் தோளுக்கு மேலே அரை சென்டிமீட்டரில் தெரியும் கடைப் பலகை. படத்தின் பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள். பென்சில் கிறுக்கல், படம் கழுவிய லாப் அடித்த எண், தேதி முத்திரை எல்லாம் அங்கேதான் இருக்கும்.

நெகட்டிவ் கிடைத்தால் அது பொன். ஒரு சுருளில் படங்கள் எடுத்த வரிசைப்படியே எண்ணோடு இருக்கும். 12ஆம் படத்தில் பல்கனி, 13இல் தெரு, 14இல் பஸ் நிறுத்தம் என்றால் பாதி வேலை முடிந்தது.

3. படத்துக்கு முன் கடதாசியைத் தேடுங்கள்

மூன்று சனிக்கிழமை நான் வீணாக்கியது இந்தப் படியைத் தாண்டிப் போனதால்தான். கட்டடம் கட்டடமாக வரைபடத்தில் அலைந்தேன், கடைசியில் விடை மச்சாளின் பிறப்புச் சான்றிதழில் இருந்தது. இங்கிலாந்தில் பிறந்த பிள்ளையின் முழுப் பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் அப்போதைய முகவரி இருக்கும், பிளாட் எண் வரை. கல்யாணப் பதிவிலும் மரணப் பதிவிலும் கூட முகவரி உண்டு. சுருக்கச் சான்றிதழில் அது இராது, ஆகவே முழு நகலைக் கேளுங்கள்.

அடுத்தது ஊருக்குப் போன கடிதங்கள். நீல வான்கடிதத்தின் பின்பக்கத்தில் அனுப்பியவர் முகவரி எழுத இடம் இருக்கும் என்பதால் அம்மம்மாவின் பெட்டியில் கட்டி வைத்த பழைய கடிதங்கள்தான் சிறந்த முகவரிப் புத்தகம். லண்டனில் இருப்பவர்கள் லண்டனில் மட்டும் தேடுகிறார்கள். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ கனடாவிலோ அந்தக் கடிதம் கிடக்கலாம், போர்க்காலத்தில் தப்பியிருந்தால்.

படச் சுருளைத் தபாலில் அனுப்பிக் கழுவிய காலம் அது, அந்த உறையில் பெயரும் முகவரியும் ஒட்டியிருக்கும். உறையைக் குப்பையில் போட்டுவிட்டுப் படத்தை மட்டும் பத்திரப்படுத்துவது வழக்கமாக நடக்கும் தவறு. வாடகைப் புத்தகம், ஆஸ்பத்திரி அட்டை, பள்ளிக்கூடக் கடிதம், தொலைக்காட்சி லைசன்ஸ், எதையும் விடாதீர்கள்.

முகவரியில் ஒரு பொறி: "மிடில்செக்ஸ்" என்று இருந்தால் அது தனி ஊர் என்று சிலர் குழம்புகிறார்கள். மிடில்செக்ஸ் மாவட்ட நிர்வாகம் 1965இல் இல்லாமல் போனது, ஆனால் தபால் முகவரியில் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. "வெம்பிளி, மிடில்செக்ஸ்" என்பது பிரென்ட் பரோவின் வெம்பிளிதான்.

பெற்றோர் உயிரோடு இருந்தால், தங்களைப் பற்றிய பழைய வீட்டுக் கோப்பைத் தரும்படி அவர்களே கவுன்சிலுக்கு எழுதலாம். தனிநபர் தரவுச் சட்டப்படி கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்தில் பதில் தர வேண்டும். கோப்பு அழிந்திருக்கலாம், அல்லது வீடுகளோடு சேர்த்து ஒரு ஹவுசிங் அசோசியேஷனுக்கு (லாப நோக்கமில்லாமல் வீடு வாடகைக்கு விடும் அமைப்பு) போயிருக்கலாம். கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

4. பெரியவர்களிடம் இடத்தைக் கேட்காதீர்கள்

"இது எங்கே?" என்று கேட்டால் "ஈஸ்ட்ஹாம்" என்று வரும். மேனர் பார்க், பிளேஸ்டோ, ஃபொரஸ்ட் கேட் எல்லாமே அவர்களுக்கு ஈஸ்ட்ஹாம்தான். அதேபோல் மிச்சம் டூட்டிங் ஆகும், ஆல்பேர்ட்டன் வெம்பிளி ஆகும். பொய் இல்லை, கோயிலும் கடையும் எங்கே இருந்தனவோ அந்தப் பெயரில்தான் அவர்கள் ஊரை நினைவு வைத்திருக்கிறார்கள்.

இடத்துக்குப் பதிலாக நடமாட்டத்தைக் கேளுங்கள். வேலைக்கு எந்த பஸ்? எந்த ஸ்டேஷனில் இறங்கி எவ்வளவு தூரம் நடை? லிஃப்ட் பழுதானால் எத்தனை படி ஏறினீர்கள்? பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனீர்கள், வழியில் பெரிய ரோட்டைக் கடக்க வேண்டுமா? சித்தி ஒருவருக்கு எஸ்டேட்டின் பெயர் சுத்தமாக மறந்துவிட்டது, ஆனால் பஸ் எண்ணும், இரவு வேலை முடிந்து வரும்போது ரெயில் பாலத்துக்குக் கீழே பயந்து பயந்து நடந்ததும் நேற்று நடந்ததுபோல் வந்தது. பஸ் எண் என்பது வரைபடத்தில் ஒரு கோடு. ரெயில் பாலம் அந்தக் கோட்டில் இரண்டோ மூன்றோ புள்ளி.

நீங்களே ஒரு பெயரை எடுத்துக் கொடுக்காதீர்கள். "இது அந்த எஸ்டேட்தானே மாமா?" என்றால் "ஓம் ஓம்" என்றுதான் பதில் வரும்.

இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும்: இது உங்கள் பிளாட்தானா? ஊருக்கு அனுப்ப எடுத்த படங்களில் அடுத்தவர் கார், அடுத்தவர் டிவி, பெரிய ஹோல் உள்ள நண்பர் வீடு எல்லாம் சாதாரணம். ஒரே திரைச்சீலையும் ஒரே சோபாவும் கோடைப் படத்திலும் குளிர்காலப் படத்திலும் வந்தால் சொந்த வீடு என்று ஓரளவு நம்பலாம். ஒரே ஒரு பிறந்தநாள் படத்தை வைத்து நம்ப வேண்டாம்.

5. படம் இடம் வலம் மாறியிருக்கிறதா பாருங்கள்

நெகட்டிவைப் புரட்டி வைத்து ஸ்கேன் செய்தால் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறிவிடும். எழுத்து தெரிந்தால் உடனே பிடித்துவிடலாம், எழுத்து இல்லாத படத்தில்தான் ஏமாறுவோம். நமக்கு நல்ல சோதனை ஒன்று இருக்கிறது: சேலை முந்தானை. இடது தோளில்தான் விழ வேண்டும். படத்தில் எல்லாப் பெண்களுக்கும் வலது தோளில் விழுந்தால் படம் புரண்டிருக்கிறது. கார் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தாலும் அப்படித்தான்.

6. காலத்தைக் குறுக்குங்கள்

கட்டடத்துக்கு முன் காலம் ஏன் என்றால், அந்தக் காலத்தில் நின்ற கட்டடங்களை மட்டும் தேடினால் போதும், இன்று நிற்கும் கட்டடங்களோடு மட்டும் ஒப்பிட்டு ஏமாறவும் வேண்டாம். ஹெய்கேட், ராபின் ஹூட் கார்டன்ஸ், கிட்புரூக்கின் ஃபெரியர் போன்ற எஸ்டேட்டுகள் இன்று இல்லை.

கார் நம்பர் தட்டு முதல் உதவி. எழுத்து கடைசியில் வந்தால் (மூன்று எழுத்து, எண், பிறகு ஓர் எழுத்து) 1963 முதல் 1983 ஜூலை வரை பதிந்த கார். எழுத்து முன்னால் வந்தால் 1983 ஆகஸ்ட் முதல் 2001 ஆகஸ்ட் வரை: ஏ 1983, பி 1984, சி 1985, டி 1986, ஈ 1987, எஃப் 1988, ஜி 1989, எச் 1990, ஐ விட்டு ஜே 1991, இப்படிப் போகும், 1998 வரை எல்லாம் அந்தந்த ஆண்டு ஆகஸ்டில் தொடக்கம். இது காட்டுவது கீழ் எல்லையை மட்டும். எஃப் கார் தெரிந்தால் 1988 ஆகஸ்டுக்கு முன் எடுத்த படம் இல்லை, அவ்வளவுதான். 1995இலும் அந்தக் கார் அங்கே நின்றிருக்கலாம். ஆகவே ஒரு காரோடு நிற்காமல் தெரியும் எல்லாக் காரையும் பார்த்து ஆகப் புதியதை எடுங்கள்.

அடுத்தது கடைப் பலகைத் தொலைபேசி எண். லண்டன் முழுதுக்கும் 01 இருந்தது 1990 மே 6 வரை. அன்று உள் லண்டன் 071, வெளி லண்டன் 081 ஆனது. 1995 ஏப்ரலில் நடுவே ஒரு 1 சேர்ந்து 0171, 0181. 2000இல் 020. ஆனால் கடைக்காரர் பலகையை உடனே மாற்றுவதில்லை, எனவே புதிய எண்ணை நம்புங்கள், பழைய எண்ணைப் பாதி நம்புங்கள்.

தொடுவானத்தில் தெரிவதும் உதவும். கேனரி வார்ஃபின் கூம்புத் தலைக் கோபுரம் 1991இல் முடிந்தது, அதன் பக்கத்து உயரக் கட்டடங்கள் 2000ஐ ஒட்டித்தான் எழுந்தன. கிழக்கு லண்டன் பல்கனிப் படத்தில் அது தனியாக நின்றால் அந்தப் பத்து ஆண்டுக்குள். வெம்பிளியில் பழைய அரங்கின் இரட்டைக் கோபுரம் தெரிந்தால் 2003க்கு முன்.

சட்டலைட் டிஷ் ஆங்காங்கே தொங்கினால் 1989க்குப் பின். வரிசையாக ஒரே நிறத்தில் இருக்கும் கதவுகளில் ஒன்று மட்டும் புது மாதிரி மரக் கதவாக மின்னினால், 1980 சட்டம் குடியிருந்தவருக்கு வீட்டை வாங்கும் உரிமை கொடுத்த பிறகு யாரோ வாங்கியிருக்கிறார் என்று பொதுவாகச் சொல்லலாம்.

கமரா படத்தில் அச்சடித்த தேதியை நம்பாதீர்கள். பட்டரி மாற்றிய பின் யாரும் தேதியைச் சரிசெய்ததில்லை. பின்பக்க லாப் தேதியும் கழுவிய தேதிதான், 36 படச் சுருள் ஒன்று கிறிஸ்துமஸில் தொடங்கி அடுத்த தீபாவளிக்கு முடிந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

7. எந்த பரோ?

இந்தப் படிக்குத்தான் பூதக்கண்ணாடி. தெருப் பெயர்ப் பலகையில் பரோவின் பெயரும் தபால் வட்டமும் இருப்பது வழக்கம். "பந்து விளையாடக் கூடாது" என்ற பலகை எல்லா எஸ்டேட்டிலும் உண்டு, அதன் அடியில் சின்ன எழுத்தில் கவுன்சிலின் பெயர் இருக்கும். குப்பைத் தொட்டி, கவுன்சில் வான், எஸ்டேட் வாசல் வரைபடப் பலகை, இவற்றிலும் பாருங்கள்.

இன்றைய 32 பரோக்கள் 1965 ஏப்ரலில் வந்தவை. ஈஸ்ட்ஹாமும் வெஸ்ட்ஹாமும் சேர்ந்து நியூஹாம் ஆனது அப்போதுதான். பலகையில் எல்சிசி என்ற எழுத்து இருந்தால் 1965க்கு முன் லண்டன் கவுன்டி கவுன்சில் கட்டியது. ஜிஎல்சி என்றால் அதற்குப் பின் வந்து 1986இல் கலைக்கப்பட்ட கிரேட்டர் லண்டன் கவுன்சில். இந்த இரண்டும் பரோ எல்லையைத் தாண்டியும் கட்டின, ஆகவே ஆவணம் எங்கே இருக்கும் என்பது யார் கட்டினார் என்பதைப் பொறுத்தது. எல்சிசி, ஜிஎல்சி ஆவணங்கள் கிளார்க்கன்வெல்லில் உள்ள லண்டன் ஆவணக் காப்பகத்தில். பரோ கட்டியது அந்தந்தப் பரோவின் உள்ளூர் வரலாற்றுக் காப்பகத்தில்: டவர் ஹாம்லெட்ஸுக்கு பான்கிராஃப்ட் ரோடு, ஹாரிங்கேக்கு டொட்டன்ஹாமின் புரூஸ் காசில், பிரென்டுக்கு வில்லெஸ்டன் கிரீன் நூலகம்.

கடைப் பலகை எண் இங்கேயும் உதவும். 01க்கு அடுத்த மூன்று இலக்கம் தொலைபேசி நிலையத்தைக் குறிக்கும்: 472 ஈஸ்ட்ஹாம் பக்கம், 672 டூட்டிங் பக்கம், 902 வெம்பிளி. முன்னொட்டு மாறியதே தவிர இந்த மூன்று இலக்கம் மாறவில்லை, ஆகவே இன்றைய எண்ணோடு ஒப்பிட்டாலே பகுதி தெரியும்.

லண்டன்தானா என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். 2000 முதல் தங்குமிட உதவி கேட்ட அகதி விண்ணப்பக்காரர்களை அரசு லண்டனுக்கு வெளியே அனுப்பத் தொடங்கியது. கிளாஸ்கோவில் 2012க்கும் 2015க்கும் இடையே தகர்த்த ரெட் ரோட் கோபுரங்களை லண்டனில் தேடினால் கிடைக்குமா? வீடில்லாத குடும்பத்தை ஒரு பரோ இன்னொரு பரோவில் தற்காலிகமாக வைப்பதும் நடந்தது, கடிதத்தில் இருக்கும் கவுன்சில் பெயரும் படத்தில் இருக்கும் இடமும் ஒத்துவராவிட்டால் காரணம் அதுவாக இருக்கலாம்.

8. இப்போதுதான் கட்டடம்

முதலில் எண்ணுங்கள். எத்தனை மாடி, ஒரு மாடியில் எத்தனை யன்னல், படிக்கட்டுக் கூடம் எந்தப் பக்கம், பல்கனி உள்வாங்கியதா வெளியே நீட்டியதா. கொப்பியில் கோட்டுப் படமாக வரையுங்கள். வரைந்தால்தான் கண் கவனிக்கும், ஏன் என்று கேட்காதீர்கள், செய்து பாருங்கள்.

நாலு ஐந்து மாடி, செங்கல், திறந்த நடைபாதை வழியாக வீட்டு வாசல்கள், லிஃப்ட் இல்லை என்றால் பெரும்பாலும் 1930கள், இல்லாவிட்டால் போருக்கு அடுத்த சில ஆண்டுகள். புல்வெளி நடுவே தனியாக நிற்கும் 11 மாடி போன்ற கோபுரம் 1950களில் தொடங்கிய பாணி, ரோஹாம்ப்டனின் ஆல்டன் எஸ்டேட் அதற்கு நல்ல உதாரணம். முகத்தில் பெரிய பெரிய சதுரக் கொங்கிரீட் பலகைகளும் இடையே கோடு கோடாக இணைப்பும் தெரிந்தால் 1960களின் நடுவில் தொடங்கி 70களின் தொடக்கம் வரை.

நடைபாதை ஒரு மாடி விட்டு ஒரு மாடியில் மட்டும் இருந்தால் உள்ளே படி வைத்த ஈரடுக்கு வீடுகள். புதியவர்கள் நடைபாதைகளை மட்டும் எண்ணி ஆறு மாடிக் கட்டடத்தை மூன்று மாடி என்று எழுதிவிடுகிறார்கள். யன்னல் வரிசையை எண்ணுங்கள், நடைபாதையை அல்ல.

எதை நம்பக் கூடாது? நிறம், யன்னல் சட்டம், கதவு, கூரை. பழைய இரும்புச் சட்ட யன்னல்கள் எடுபட்டு வெள்ளைப் பிளாஸ்டிக் வந்துவிட்டது, தட்டைக் கூரை மீது சாய்கூரை ஏறியிருக்கலாம், சுவர் மீது புதுப் போர்வை போட்டிருக்கலாம். மாறாதவை மாடிகளின் எண்ணிக்கை, யன்னல் துளைகளின் இடம், படிக்கட்டுக் கூடம், நிலத்தின் சரிவு. இந்த நாலும் ஒத்தால்தான் மேலே போங்கள்.

குசினிப் படத்தில் கேஸ் அடுப்பு தெரிந்தால் பலகைக் கோபுரம் இல்லை என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள், 1968இல் ரோனன் பொயின்ட் என்ற கிழக்கு லண்டன் பலகைக் கோபுரத்தில் கேஸ் வெடித்து ஒரு மூலை சரிந்த பிறகு பல இடங்களில் கேஸை எடுத்துவிட்டார்கள் என்பதால். ஆனால் சதர்க்கின் லெட்பரி எஸ்டேட் கோபுரங்களில் 2017 வரை கேஸ் இருந்தது. இதை ஆதாரமாக எடுக்காதீர்கள்.

பிளாக்கின் பெயரில் ஒரு துண்டு தெரிந்தாலும் போதும், ஏனென்றால் ஓர் எஸ்டேட்டின் பெயர்கள் பெரும்பாலும் ஒரே குடும்பம். வால்வர்த்தின் ஏல்ஸ்பரி எஸ்டேட்டில் வென்டோவர், டாப்லோ, மிசென்டன் எல்லாம் பக்கிங்ஹாம்ஷயர் ஊர்ப் பெயர்கள். "...டோவர்" என்று அரைப் பெயர் தெரிந்தால்கூடத் தேட வழி இருக்கிறது.

9. திசையும் பின்னணியும்

கட்டடம் ஒரே மாதிரி பத்து இருக்கலாம், ஆனால் அதற்குப் பின்னால் தெரியும் தேவாலயக் கோபுரமும் ரெயில் பாதையும் அதே இடைவெளியில் இன்னொரு இடத்தில் இராது. அடையாளத்தைப் பின்னணிதான் தரும். கேஸ் சேமிக்கும் வட்டக் கூண்டு, பள்ளிக்கூடக் கூரை, மூலைக் கடை, பப், பாலம், எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள்.

அடுத்து திசை. ஊரில் சூரியன் தலைக்கு மேலே வரும், லண்டனில் வராது. நடுப்பகலில் எப்போதும் தெற்கே, டிசம்பரில் 15 பாகை உயரம்தான் ஏறும். மதிய வெயில் பல்கனிக்குள் முகத்தில் அடித்தால் அந்தப் பல்கனி தெற்குப் பார்த்தது. டிஷ் எல்லாம் தெற்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவே பார்க்கும். கூரை ஆன்டெனாக்களில் பெரும்பாலானவை கிரிஸ்டல் பேலஸ் ஒலிபரப்புக் கோபுரத்தைப் பார்க்கும்: ஈஸ்ட்ஹாமில் இருந்து தென்மேற்கு, வெம்பிளியில் இருந்து தென்கிழக்கு, டூட்டிங்கில் இருந்து ஏறக்குறைய கிழக்கு. இரண்டு அடையாளம் ஒரே திசையைச் சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள்.

10. பழைய வரைபடமும் பழைய படமும்

ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்தில் லண்டனின் போருக்குப் பிந்தைய பெரிய அளவு வரைபடங்கள் இலவசமாக இருக்கின்றன. ஆகப் பெரிய அளவில் வீட்டு எண்ணும் பிளாக் பெயரும் கூடத் தெரியும், இன்றைய வான்படத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 60களின் பிற்பகுதியில் எழுந்த கோபுரம் அவற்றில் இராது, ஆனால் தேவாலயமும் பள்ளியும் ரெயில் பாதையும் இருக்கும், பின்னணியைப் பொருத்த அதுவே போதும்.

கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் பழைய தேதிகளைத் தேர்ந்தெடுக்கலாம், லண்டனில் 2008 வரை பின்னால் போகும். பிறகு இடித்த எஸ்டேட்டுகள் அதில் இன்னும் நிற்கின்றன. புதியவர்கள் இன்றைய படத்தை மட்டும் பார்த்து "இங்கே இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள்.

உயரக் கட்டடம் என்றால் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் டவர் பிளாக் படத் தொகுப்பு. பிரிட்டன் முழுதும் 1980களில் எடுத்த படங்கள், நம் அல்பத்தின் அதே காலம், அதே யன்னல்கள். லண்டன் ஆவணக் காப்பகத்தின் இணையப் படத் தொகுப்பில் எல்சிசி, ஜிஎல்சி எடுத்த எஸ்டேட் படங்களைத் தெருப் பெயரில் தேடலாம்.

11. எந்த மாடி?

இது எனக்கு ஆகப் பிடித்த படி. பல்கனியில் நின்று எடுத்த படத்தில் தொடுவானக் கோடு எங்கே ஓடுகிறது பாருங்கள். அந்தக் கோட்டில் படும் எல்லாமே கமராவின் உயரத்தில் இருப்பவை. எதிர்க் கட்டடத்தின் ஐந்தாம் மாடி யன்னலை அந்தக் கோடு வெட்டினால், நிலம் சமமாக இருக்கும் பட்சத்தில், படம் எடுத்தவரும் ஏறக்குறைய ஐந்தாம் மாடியில்தான் நின்றார். சித்தப்பா "பதினோராம் மாடி" என்று ஆயிரம் தடவை சொன்ன கதை இப்படித்தான் ஐந்தாம் மாடி ஆனது. (அவரிடம் நான் சொல்லவில்லை.)

12. வாக்காளர் பட்டியலில் உறுதி செய்யுங்கள்

பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் பிரிட்டனில் வாக்காளராகப் பதியலாம் என்பதால் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு எடுப்பதற்கு முன்பே இலங்கை, இந்தியா, மலேசியா தமிழர்கள் பலரின் பெயர் பட்டியலில் இருக்கிறது. ஆனால் 80களின் பட்டியல் பெயர் வரிசையில் இல்லை, தெரு வரிசையில் இருக்கும். அதனால்தான் இந்தப் படி கடைசியில் வருகிறது: எஸ்டேட் தெரிந்த பிறகே பக்கத்தைப் புரட்ட முடியும். பரோவின் காப்பகத்தில் கேட்டால் தருவார்கள், பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன.

அக்காலத்தில் அக்டோபர் 10 அன்று எங்கே இருந்தார் என்பதே அடுத்த பிப்ரவரியில் நடைமுறைக்கு வரும் பட்டியலில் வந்தது. 1987 பட்டியல் சொல்வது 1986 அக்டோபரை. ஆகவே ஒரு ஆண்டு முன்னும் பின்னும் சேர்த்தே பாருங்கள்.

பெயரைத் தேடும்போது நம் பெயர்களின் குழப்பத்தை நினைவில் வையுங்கள். அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், அல்லது தலைகீழாக, அல்லது மனைவி ஒரு பெயரிலும் கணவர் இன்னொரு பெயரிலும். ஆங்கிலத்தில் எழுதும்போது "சிவ" என்பதில் எச் எழுத்து இருக்கும், இல்லாமலும் இருக்கும். "லிங்கம்" நாலு விதம். பெயரைவிடப் பிளாட் எண்ணைப் பிடித்து ஆண்டு ஆண்டாகப் போவது பாதுகாப்பு.

பெயர் இல்லை என்பதால் அங்கே இருக்கவில்லை என்று ஆகாது. பயத்தில் பதியாதவர்கள் உண்டு, 1990 முதல் 1993 வரை தலைவரி (போல் டாக்ஸ், ஆளுக்கு இவ்வளவு என்ற வரி) இருந்த காலத்தில் அதிலிருந்து தப்பப் பட்டியலை விட்டு விலகியவர்களும் உண்டு.

13. நேரில் போகும்போது

படத்தின் அச்சுப் பிரதி ஒன்றோடு போங்கள், அசலை வீட்டில் விடுங்கள். படம் எடுத்தவர் நின்ற அதே இடத்தில் நின்று, முன்னால் இருக்கும் கம்பமும் பின்னால் இருக்கும் கட்டட மூலையும் படத்தில் உள்ளதுபோல் ஒன்றன் மேல் ஒன்று விழும்வரை பக்கவாட்டில் நகருங்கள். விழுந்தால் அதுதான் இடம். கதவைத் தட்ட வேண்டாம், அங்கே இப்போது வேறு ஒரு குடும்பம் வாழ்கிறது. பொதுவழியில் இருந்தே எடுங்கள், யன்னலுக்குள் கமராவை நீட்டாதீர்கள்.

14. எழுதி வையுங்கள்

ஒவ்வொரு படத்துக்கும் இடம், காலம், எப்படித் தெரியும் என்ற மூன்றையும் எழுதுங்கள், பக்கத்தில் "உறுதி", "அநேகமாக", "ஊகம்" என்று ஒன்று. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு ஆதாரம் இருந்தால்தான் "உறுதி". மாமா சொன்னதும், மாமா சொன்னதைக் கேட்டு அத்தை சொன்னதும் இரண்டு ஆதாரம் இல்லை.

படத்தின் பின்னால் பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். பென்சிலால் ஓரத்தில் எண்ணை மட்டும் போட்டு விவரத்தை உறையில் எழுதுங்கள். யாருடைய அகதி வழக்கு, எந்த ஆண்டு என்பதெல்லாம் உயிரோடு இருப்பவரைப் பற்றியதானால் தனிக் கொப்பியில் இருக்கட்டும், குடும்பக் குழுவில் போட வேண்டாம்.

டிஜிட்டல் பிரதியில் விவரத்தைக் கோப்புக்குள் மட்டும் பதிந்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும். ஆண்டு, எஸ்டேட், பிளாக், யார் என்று கோப்பின் பெயரிலேயே வையுங்கள். அதையும் வாட்ஸ்அப் மாற்றிவிடும் என்பதால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள்.